சங்கத்துக்கு ஒரு ஸ்பேனர் வாங்குங்கள்: சூளூர்பேட்டை டுவாக்ரா மகளிர் சங்கச் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில், சேமிப்புப் பணத்தை எண்ணி நோட்டில் எழுதி முடித்த பிறகு, அரை மணி நேரம் எனக்குத் தர வேண்டும். கடன் கேட்டு வரவில்லை. நம் வீட்டுக் குழாய்களைப் பற்றிப் பேச வருகிறேன். சங்கப் பணத்தில் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் சில்லறைச் சாமானும் வாங்கி வையுங்கள், சங்கத்துக்கு இரண்டு பேராவது குழாய் வேலையின் அரிச்சுவடியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எனக்கு எழுத வருவது தமிழ்தான். தெலுங்கு மட்டும் பேசும் அக்காக்களுக்கு உங்களில் யாராவது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் அது ஒரு கஷ்டமே இல்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன ஹார்ட்வேர் கடை உண்டு. பகல் பொழுதில் கல்லாவில் இருப்பவள் நான். அந்த நேரத்தில் குழாய்ச் சாமான் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். வீட்டு ஆண்கள் ஷார் விண்வெளி மைய பஸ்ஸிலோ ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வேனிலோ சென்னை ரயிலிலோ ஏறிப் போயிருப்பார்கள். குழாய் ஆள் பார்த்து உடைவதில்லை.

"அக்கா, குழாய்க்குள்ள போடுவாங்களே, கறுப்பு ரப்பர், அது இருக்கா?"

"அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?"

அவ்வளவுதான், முகம் வாடிவிடும். "தெரியாதுக்கா. பிளம்பர் வந்தாத்தான் தெரியும்." பிளம்பர் மறுநாள் வருகிறேன் என்றிருப்பார், அல்லது ஞாயிற்றுக்கிழமை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரைச் சுற்றிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. முழு நாள் கூலி கிடைக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு வாஷர் மாற்ற ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வாஷர் வேலை தள்ளிப்போகிறது, குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, கீழே வாளி வைத்து வாளி வைத்து நமக்கும் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்க வேண்டும் என்கிறேன்.

இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இந்த ஊரில் இல்லை. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி நம் ஊர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதுவரை நாம் நெல்லூர் மாவட்டத்துக்காரர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற கிராமத்தில், எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் ஊரின் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அவர்களில் முன்னின்ற ரோசம்மாவின் பெயர் ஆந்திரம் முழுக்கப் பரவியது. மாவட்டம் மாவட்டமாகப் போராட்டம் பற்றிக்கொண்டு 1993 அக்டோபர் 1 முதல் மாநிலத்தில் சாராயத்துக்கே தடை வந்தது. சாராயத்துக்குப் போய்க்கொண்டிருந்த காசில் நாளுக்கு ஒரு ரூபாய் என்று பெண்கள் எடுத்துவைக்கத் தொடங்கியதுதான் பொதுப்பு லட்சுமி என்ற சேமிப்புத் திட்டம். இன்று நீங்கள் நடத்தும் சங்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. சாராயக் காண்டிராக்டரையும் அவர் வைத்திருந்த அடியாட்களையும் எதிர்த்து நின்றவர்களின் வழியில் வந்த உங்களுக்கு, ஒரு பித்தளைக் குழாயின் தலையைத் திருகிக் கழற்றுவது பெரிய காரியமில்லை.

முதல் பாடம் குழாயில் இல்லை, வால்வில் இருக்கிறது. எங்கே எது உடைந்தாலும் தண்ணீரை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைக்கு ஈரப் புடவையோடு ஓடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்: "வால்வை மூடிட்டியாம்மா?" பாதிப் பேருக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாடித் தொட்டி முழுவதும் காலியாகி, வீடு நனைந்து, அப்புறம்தான் தானாக நிற்கும்.

ஆகவே இன்று சாயந்திரமே மாடிக்கு ஏறுங்கள். தொட்டியிலிருந்து எத்தனை குழாய் இறங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள வால்வை ஒவ்வொன்றாக மூடி, கீழே எந்தக் குழாய் நிற்கிறது என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறை, முன் குளியலறை, பின்பக்கம் என்று அந்தந்தக் குழாய் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். வருஷக்கணக்கில் திருப்பாத கேட் வால்வு உப்புப் பிடித்து இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்து கையோடு வந்துவிடும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று அசைத்து அசைத்துத்தான் இளக்க வேண்டும். அதன்பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை மூடித் திறந்துவந்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

புது வீடு கட்டுகிறவர்கள் இன்னும் ஒரு காரியம் செய்யலாம். சுவரில் காடி எடுத்துக் குழாய் பதித்து, பூச்சுப் பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது டேப்பை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே தெரியும். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் ட்ரில் போடும்போதும் அந்தப் படம் காப்பாற்றும். மேஸ்திரிக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள். அவர் அதற்குள் இருபது வீடு கட்டியிருப்பார்.

இனி அந்தக் கறுப்பு ரப்பருக்கு வருவோம். பல சுற்றுத் திருகி மூடும் பழைய பித்தளைக் குழாய் சொட்டினால் பத்துக்கு எட்டு முறை குற்றம் அந்த வாஷருடையது. வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். சிங்க்கின் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள், சின்ன நட்டு ஒன்று உள்ளே விழுந்தால் தேட முடியாது. குழாயின் உடம்பும் தலையும் சேரும் இடத்தில் ஆறு பட்டையாக இருக்கும். ஒரு கையால் குழாயின் உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்க்ரூ ஸ்பேனரை அந்தப் பட்டையில் கடிக்கவைத்து, இடப்பக்கமாகத் திருப்புங்கள். உடம்பைப் பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் எல்போ திரும்பி, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். தலை கழன்று வரும். அதன் நுனியில் ஒரு சின்னக் காளான் போன்ற பித்தளைத் துண்டு, அதில் ஒரு நட்டு, நட்டுக்குக் கீழே நம் வாஷர். எடுத்துப் பாருங்கள்: நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும், ஓரம் பிய்ந்திருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். அரை இஞ்சா முக்காலா என்று நான் கேட்கவே மாட்டேன்.

புதிய வாஷரை வைப்பதற்கு முன் குழாயின் உள்ளே விரலை விட்டு, வாஷர் உட்காரும் பித்தளை வட்டத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்றிருந்தால் நல்லது. சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் எந்த வாஷர் போட்டாலும் சொட்டும். அந்தக் குழாயை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் அது வேறு சமாச்சாரம். அங்கே ஒரு கிளாண்டு நட்டு இருக்கும், கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். கால் சுற்றில் திறந்து மூடும் புதுமாதிரிக் குழாய்களில் ரப்பர் வாஷர் கிடையாது, செராமிக் தட்டு வைத்த ஸ்பிண்டில்தான். மணல் துகள் புகுந்து கீறிவிட்டால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பழையதைக் கொண்டுவராமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு சொட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றரை. இது மெதுவான சொட்டுக்கான கணக்கு. நூல் போல ஒழுகினால் பல மடங்கு. கசிவுக்குக் கணக்கு வைப்பது ஒன்றும் புதிதில்லை. கண்டலேறிலிருந்து பூண்டிக்குப் போகும் தெலுங்கு கங்கைக் கால்வாய் நம் மாவட்டம் வழியாகத்தான் போகிறது. சென்னைக்குக் குடிநீர் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த நிலையில், மொத்தம் 15-இல் 3 டி.எம்.சி. வழியிலேயே ஆவியாகவும் கசிவாகவும் போய்விடும் என்று கணக்கெழுதி, 12 என்று 1983-இல் முடிவு செய்தார்கள். அவ்வளவு நீள வாய்க்காலுக்குக் கசிவுக் கணக்கு இருக்கிறது. பத்தடி குழாய்க்கு நம்மிடம் இல்லை. அதை எடுத்துப் பார்க்க எளிய வழி உண்டு: ராத்திரி படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் எழுந்து தொடும் முன் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

அப்படி இறங்கியிருந்தும் கண்ணுக்கு எந்தக் குழாயும் சொட்டவில்லை என்றால், முதலில் ஃப்ளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். டேங்குக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் டேங்கின் அடியில் உள்ள ரப்பர் சீல் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ராப்பகலாக ஓடுகிற தண்ணீர் அது. குழாய்ச் சொட்டாவது காதில் விழும்.

நம் ஊருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அந்தப் பக்கம் போகப் போகப் போர் தண்ணீர் கரிக்கும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் குழாய்க்குள் செய்கிற காரியத்தைப் பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்பை அறுத்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள்: வெளியே முக்கால் இஞ்ச், உள்ளே பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், சுற்றிலும் துருவும் படிவும். "பிரஷர் குறைஞ்சுபோச்சு, பெரிய மோட்டார் போடலாமா" என்று கேட்கிறவர்களின் வீட்டில் பல நேரம் கோளாறு இதுதான். இனி மண்ணில் புதைக்கும் குழாய்க்கு ஜி.ஐ. வேண்டாம். உப்பு மண் வெளியிலிருந்தும் அரிக்கும்.

ஷவரிலும் சிங்க் குழாயின் நுனி வலையிலும் வெள்ளைப் படிவு அடைத்தால் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும். அதனால்தான் நம் ஊரில் கீஸர் சுருள் சீக்கிரம் போகிறது. கீஸருக்குள் அனோடு ராடு என்று ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். டேங்க் அரிபடாமல், தான் கரைந்து அதைக் காப்பது அதன் வேலை. சர்வீஸுக்கு வருகிறவரிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கரைந்து மெலிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பைப் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீருக்கு யு.பி.வி.சி., அதில் ஐ.எஸ். 4985 என்று அச்சிட்டிருக்கும். கீஸரிலிருந்து வரும் வெந்நீருக்கு சி.பி.வி.சி., ஐ.எஸ். 15778. மலிவாகக் கிடைக்கிறதென்று வெந்நீர் லைனில் வெள்ளை பி.வி.சி.யைப் போட்டால் இளகித் தொய்ந்து ஒருநாள் இணைப்பை விட்டு வெளியே வரும். ஒட்டும் சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறுவேறு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைப்பைக் குடிதண்ணீருக்கு வாங்கவே வேண்டாம், பி.வி.சி. தயாரிப்பில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த 2021-இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு.

இணைப்பில் ஒழுகுகிறது என்று மேலே மேலே சொல்யூஷனைப் பூசுகிறவர்கள் நிறைய. அதில் பயனில்லை. அந்தச் சொல்யூஷன் பசை அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. உள்ளே பூசினால்தான் பிடிக்கும், ஈரம் இருந்தால் பிடிக்காது. ஒழுகும் துண்டை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் கப்ளர் போடுங்கள். நேராக அறுத்து, பிசிறைச் சுரண்டி, துடைத்து, இரண்டு பக்கமும் பூசி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தண்ணீர் விடக் கூடாது. இந்தப் பொறுமை இல்லாமல்தான் பல வேலை இரண்டாம் முறை செய்யப்படுகிறது. எம்-சீல் ராத்திரி அவசரத்துக்கு உதவும். அதையே நிரந்தரம் என்று விட்டுவிடாதீர்கள்.

மரை போட்ட இணைப்புக்கு டெஃப்லான் டேப். மரை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போதே டேப் பிரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் பலம் கொண்டமட்டும் இறுக்கினால் விரிசல் விடும், அதுவும் அன்றைக்கே தெரியாது.

சிங்க் அடைத்துக்கொண்டால் ஆசிட் பாட்டிலைத் தேடாதீர்கள். ரப்பர் பம்ப் இருந்தால் ஓட்டை மூழ்கும் அளவு தண்ணீர் நிறுத்தி, வாஷ் பேசின் என்றால் மேலே இருக்கும் வழிதல் துவாரத்தை ஈரத்துணியால் பொத்திக்கொண்டு, மேலும் கீழுமாக அமுக்குங்கள். போகவில்லையா, கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, குப்பி மாதிரி தொங்கும் பாட்டில் டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். முடியும் சோப்புக் கசடும் திரண்டு கிடக்கும். முகம் சுளிக்க வைக்கும் வேலைதான், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆசிட் குழாயின் பளபளப்பைத் தின்னும், தரை இணைப்பின் சிமென்ட்டைத் தின்னும், செப்டிக் டேங்கில் கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, கதவு மூடிய குளியலறையில் அது ஆளையே கொல்லக்கூடியது. இந்த ஒன்றை மட்டும் கூட்டத்தில் தனியாக எழுந்து நின்று சொல்லுங்கள்.

யாரும் பயன்படுத்தாத குளியலறையில் நாற்றம் வந்தால் பினாயிலை ஊற்றிப் பயனில்லை. தரைத் துவாரத்துக்குக் கீழே இருக்கும் டிராப்பில் எப்போதும் இரண்டு இஞ்ச் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. வெயில் காலத்தில் அது வற்றிவிடும். வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றமும் போகும், கரப்பானும் ஏறாது. சமையலறை சிங்க்கிலிருந்து வரும் நெளிவுக் குழாயை நேராகத் தரை ஓட்டைக்குள் விட்டிருந்தால், அதை வளைத்துக் கட்டி நடுவில் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள்.

தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வராமல் இருமினால், காற்றுப் பிடித்திருக்கிறது. தண்ணீர் நன்றாக வரும் இன்னொரு குழாயிலிருந்து ஒரு ஹோஸை இதன் வாயில் இறுக்கமாகச் சேர்த்து இரண்டையும் திறந்தால், உள்ளே நிற்கும் காற்று மேலே தள்ளப்பட்டுத் தொட்டி வழியாக வெளியேறும். மேல்மாடிக் குளியலறையில் ஷவர் மெதுவாக வருவது கோளாறே அல்ல. தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் அளவைப் பொறுத்ததில்லை, உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. தலைக்கு மேல் ஒன்றரை மீட்டரில் தொட்டி இருந்தால் அதற்குத் தகுந்த வேகம்தான் வரும். ஆயிரம் லிட்டரை எடுத்துவிட்டு இரண்டாயிரம் வாங்கி வைப்பது வீண் செலவு.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி காசும் வசதியும் சம்பந்தப்பட்டது. இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

1854-இல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா பரவி அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தெருப் பம்பின் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற டாக்டர் கண்டு சொன்னார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, பம்புக் கிணற்றிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்தது. அதன் செங்கல் சுவர் சிதைந்து போயிருந்தது. நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தக் குழிக்குள்தான் ஊற்றப்பட்டிருந்தது. ஒரு வீட்டின் பழுதான கழிவுக்குழி ஒரு வட்டாரத்தையே கொண்டுபோயிற்று. நம் ஊரில் ஒண்டுக் குடித்தனமாய் நெருக்கி நிற்கும் தெருக்களில் ஒரு வீட்டு செப்டிக் டேங்கும் அடுத்த வீட்டுப் போரும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று நடந்து பாருங்கள். குடிநீர் ஆதாரத்துக்கும் கழிவுநீரை மண்ணில் இறக்கும் குழிக்கும் நடுவே 18 மீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. மனை சிறிதாக இருந்து அதற்கு வழியே இல்லையென்றால், அந்தப் போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குடித்தே ஆக வேண்டுமென்றால் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிற வழக்கத்தையும் நாம் பெண்கள்தான் நிறுத்த வேண்டும். மோட்டார் உறிஞ்சும்போது தெருக்குழாயில் அழுத்தம் இறங்கிப்போகும். எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே சுற்றி நிற்கும் சாக்கடைத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் நிரப்பும் குடத்தில் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும், தெருக்கோடியில் இருக்கும் வீட்டுக்கோ எதுவும் வராது. தண்ணீர் தானாக சம்புக்குள் விழட்டும், அங்கிருந்து மாடிக்கு ஏற்றுங்கள்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் என் வேண்டுகோள் கண்டிப்பானது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுங்கள். நிரம்பி வழியும்வரை காத்திருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காளங்கி ஆறு பெருகி நிலத்தடி நீரும் ஏறி நிற்கும்போது டேங்க் பின்னால் தள்ளும், அந்த நேரத்தில் லாரியும் கிடைக்காது. வெயில் காலத்திலேயே முடித்துவிடுங்கள். எந்த நிலையிலும், எவ்வளவு அவசரமானாலும், ஒரு மனிதரை அதற்குள் இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கியிருக்கும். அளவு அதிகமானால் மூக்குக்கு அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும், ஓரிரு மூச்சில் ஆள் சாய்வார், அவரைத் தூக்கக் குனிகிறவரும் சாய்வார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இழப்பீடு ஒருபுறம் இருக்கட்டும். அப்படி இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனைவி உங்களைப் போல ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர். இதைச் சங்கத் தீர்மானமாகவே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எங்கள் வீட்டு டேங்கில் எந்த மனிதரும் இறங்க மாட்டார்.

பெண்கள் எங்கேயாவது இந்த வேலை செய்கிறார்களா என்று வீட்டில் கேட்பார்கள். ஜோர்டானில் செய்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள நாடு அது. வீட்டில் ஆண் இல்லாத நேரத்தில் வெளி ஆண் உள்ளே வருவதை அங்கே விரும்புவதில்லை, அதனால் சின்னக் கசிவுகூட நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கவ்லா ஷேக் என்ற பெண் பிளம்பர் வேலையைக் கற்று, பிறகு மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து, பெண் பிளம்பர்களின் கூட்டுறவுச் சங்கத்தையே நடத்தினார். நம் நாட்டிலேயே ஒடிஷாவின் கேந்திரபாடா மாவட்டத்தைப் பாருங்கள். 1930-களில் கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போன சிலர் அங்கே குழாய் வேலை பழகினார்கள். அண்ணன் தம்பிக்கு, மாமன் மருமகனுக்கு என்று சொல்லிக்கொடுத்து, இன்று நாட்டின் பெரிய நகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் அந்த மாவட்டத்துப் பிளம்பர்கள் ஏராளம். அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே ஒரு மாவட்டம் பிழைத்திருக்கிறது. நம் சங்கத்துப் பெண்பிள்ளைகளில் இரண்டு பேர் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் பிரிவில் சேர்ந்தால், ஊரில் வீட்டுக்கு வீடு வேலை காத்திருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும் பெண் தயக்கமில்லாமல் கதவைத் திறப்பாள்.

சங்கப் பெட்டிக்கு வேண்டியது அதிகமில்லை. பத்து இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, ஒரு பைப் ரெஞ்ச், நட்சத்திர முனையும் தட்டை முனையும் உள்ள ஸ்க்ரூ டிரைவர், ஹாக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப் நாலைந்து, அரை இஞ்ச் முக்கால் இஞ்ச் வாஷர் ஒரு கைப்பிடி, இரண்டு எண்ட் கேப், ஒரு எம்-சீல், ரப்பர் பம்ப். எண்ட் கேப்பை மறந்துவிடாதீர்கள். குழாய் உடைந்து வேறு வழியில்லாதபோது அறுத்த முனையை மூடி, மற்ற வீட்டுக் குழாய்களுக்காவது தண்ணீரைத் திறந்துவிட உதவுவது அதுதான். யார் வீட்டில் பெட்டி இருக்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள், எடுத்துப்போனவர் கையெழுத்துப் போடட்டும். கடன் வசூலில் நீங்கள் காட்டும் கண்டிப்பு இதிலும் இருந்தால் ஸ்பேனர் காணாமல் போகாது.

எங்கள் கடையிலேயே வாங்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. முத்திரை உள்ள சாமானாக எங்கே கிடைத்தாலும் வாங்குங்கள்.

செங்காளம்மன் கோயில் பக்கத்துச் சங்கங்கள், பஜார் தெரு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், எங்கே கூடினாலும் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் என்னால் வர முடியும். கழற்றிப் பூட்டிப் பார்க்கப் பழைய பித்தளைக் குழாய்கள் சிலவும், உள்ளே அடைத்துப்போன ஜி.ஐ. பைப் துண்டு ஒன்றும் எடுத்து வருகிறேன். ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு வாஷர் மாற்றிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். பேரன் பேத்திகளைக் கூட்டி வந்தாலும் தொந்தரவில்லை. நாளும் இடமும் முடிவு செய்து, யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஹார்ட்வேர் கடைக்காரி
சூளூர்பேட்டை